ஒரு மைல் சில்லறை!

சிகாகோ மாநகரம். அதன் தெற்குப் பகுதி. முப்பத்தொன்பதாம் தெருவும் சவுத் பார்க்வே எனும் அகன்ற சாலையும் கூடுகிற முனை. கையிலே ஒரு டப்பாவுடன் ஒரு பெண் நிற்கிறார். இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன இளம்பெண். கறுப்பு நிறத்தவர். ஆலைக்குப் போகிறவர், அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்துவிட்டுத் திரும்புகிறவர், ரயிலடிக்கு விரைகிறவர், எல்லோரிடமும் டப்பாவை நீட்டுகிறார். பத்து சென்ட் போடுங்கள் என்று கேட்கிறார்.

எதற்காம்? மாதா கோயிலுக்கு மணி வாங்கவா? இல்லை. பசித்தோருக்குக் கஞ்சி வார்க்கவா? அதற்குமில்லை. வழக்கு நடத்தவா, தேர்தலுக்கு நிற்கவா? ஊஹூம்! படம் வரையவும், வரைந்ததை மாட்டவும், வரையத் தெரியாதவருக்குக் கற்றுத் தரவும் ஒரு வீடு வேண்டும். அதை வாங்க!

ஆமாம் தோழர்களே, படம் வரைய ஒரு வீடு!

அது 1940ஐ ஒட்டிய காலம். பத்தாண்டுக் காலப் பொருளாதார முடை அமெரிக்காவைப் பிழிந்தெடுத்திருந்தது. அந்த நாட்டிலே முடை வந்தால் வேலையை முதலில் இழப்பவன் கறுப்புத் தொழிலாளி. முடை தீர்ந்தால் கடைசியிலே வேலைக்கு அழைக்கப்படுபவனும் அவனே. அப்படிப்பட்டவனிடம் போய், "ஓவியத்துக்குக் காசு கொடு" என்று கேட்பதா? பித்துப் பிடித்த பெண்ணா இவர்? வயிற்றுக்கே வழியில்லாதவனுக்கு வண்ணக் குழம்பு ஒரு கேடா? இப்படிக் கேட்கும் பெரிய மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஏழைக்குக் கலை எதற்கு என்று அவர்கள் இரக்கத்தோடு கேட்பார்கள். தங்கள் வீட்டுக் கூடத்திலே தங்கச் சட்டம் போட்ட படம் தொங்கும். அதன் கீழே சாய்வு நாற்காலியில் அமர்ந்துகொண்டு கேட்பார்கள்!

அந்தப் பெண்ணின் பெயர் மார்கரெட் டெய்லர். பின்னாளில் மார்கரெட் பரோஸ் என்று உலகறிந்த ஓவியர். தென்கோடியிலே லூசியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே பெற்றோருடன் வடக்கே சிகாகோவுக்கு வந்தவர். தாய், பிறர் வீட்டில் வேலை செய்தவர். ஏழைக்குக் கலை எதற்கு என்ற கேள்விக்கு அவர் மேடையேறிப் பதில் சொல்லவில்லை. தெருமுனையிலே டப்பாவோடு நின்றார்.

அந்த வசூலுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ஒரு மைல் டைம். டைம் என்பது அவர்களுடைய பத்து சென்ட் நாணயம். டாலரிலே பத்தில் ஒரு பங்கு. அங்கே புழங்கும் நாணயங்களிலே எல்லாவற்றிலும் சிறியது. அதை ஒன்றை அடுத்து ஒன்றாக ஒரு மைல் நீளத்துக்கு அடுக்க வேண்டும் என்பது குறி. நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு டைமின் குறுக்களவு 18 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மைலுக்கு ஏறத்தாழ 90,000 காசு வேண்டும். 9,000 டாலர்! அந்நாளில் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 30 சென்ட். அப்படியானால் ஒரு டைம் என்பது இருபது நிமிட உழைப்பு. அந்தச் சட்டமும் வீட்டு வேலைக்காரிகளை விட்டுவிட்டது. அவர்களுக்கு அந்த 30 சென்ட் உறுதிகூடக் கிடையாது. மார்கரெட்டின் தாயைப் போன்ற பெண்கள் டப்பாவிலே போட்ட ஒவ்வொரு காசும், யாரோ ஒரு சீமாட்டி வீட்டுச் சமையற்கட்டிலே முழங்காலிட்டுத் தரை தேய்த்த நேரம்.

ஒரு மைல் முழுதும் அடுக்கி முடித்தார்களா என்பதா முக்கியம்? உண்டியல் ஏந்தியவர்களுக்குத் தெரியும், அதிலே விழும் காசின் கனம் வேறு. செக்கிலே வரும் ஆயிரம் ஒருவனை நன்றி சொல்ல வைக்கும். உண்டியலிலே விழும் ஓரணா போட்டவனையே பங்காளி ஆக்கிவிடும். "அந்த வீட்டிலே என் காசும் இருக்கிறது" என்று அவன் சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுமுன் அந்த வட்டாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிரான்ஸ்வில் என்று அதற்குப் பெயர். பிரான்ஸ் என்றால் வெண்கலம். வெண்கல நிறத்தார் வாழும் ஊர் என்று அவர்களே பெருமையோடு ஏற்றுக்கொண்ட பெயர். 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிகாகோவிலே கறுப்பு மக்கள் சுமார் 2,78,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் நகரின் தெற்கே நீண்டு கிடந்த அந்தப் பகுதியிலே அடைபட்டிருந்தார்கள். அடைபட்டிருந்தார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறோம். வெளியே சென்று வீடு பிடிக்க முடியாது. எத்தனையோ வெள்ளையர் தெருக்களிலே, வீட்டுப் பத்திரத்திலேயே ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள்: இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்பதோ வாடகைக்கு விடுவதோ கூடாது! கொளுத்துகிற கும்பல் எழுதியதல்ல இது. வழக்கறிஞர் எழுதி, பதிவு அலுவலகத்திலே முத்திரை வாங்கிய வாசகம். 1948இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதுவரை, தெற்கேயிருந்து ரயிலேறி வந்துகொண்டே இருந்த மக்கள் அத்தனை பேரும் அந்த ஒரே வட்டாரத்துக்குள் திணிக்கப்பட்டார்கள். பழைய பெரிய வீடுகளைப் பலகை வைத்துத் தடுத்தார்கள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், பல குடும்பத்துக்கு ஒரு குளியலறை. அதற்கு வாங்கிய வாடகையோ கொள்ளை!

சிறைக்கூடம் போல ஒரு வட்டாரம். அதற்குள்ளேதான் நடனக் கூடங்கள் இருந்தன, இசை இருந்தது, ஏடு இருந்தது. 1905இல் தொடங்கிய சிகாகோ டிஃபெண்டர் எனும் கறுப்பு மக்களின் ஏடு அங்கிருந்துதான் வந்தது. அதைத் தெற்கு மாநிலங்களுக்குக் கொண்டுசென்றவர்கள் யார் தெரியுமா? புல்மன் ரயில்களிலே படுக்கை விரித்து, மூட்டை தூக்கி, செருப்புத் துடைத்த கறுப்புத் தொழிலாளர்கள்! அந்த ஏட்டைத் தெற்கத்தி வெள்ளை முதலாளிகள் பிடிக்காமல் தடுத்தபோது, ரயிலோடு ரயிலாக மறைத்து எடுத்துச்சென்று சேர்த்தார்கள். ஏட்டுக் கட்டைத் தோளிலே சுமந்து ஊர் ஊராகப் போட்ட தோழர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

படம் வரைகிறவர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் நீல் என்று ஒரு கறுப்பு ஆசிரியர். 1930களிலே வட்டாரத்து இளைஞர்களைச் சேர்த்து ஓவியம் கற்றுத் தந்தார். அந்தக் குழுவுக்குக் கலை, கைவினைச் சங்கம் என்று பெயர். சங்கத்திலே பெரிய கலைக் கல்லூரிக்குச் சம்பளம் கட்டிப் படிக்க வக்குள்ளவர் யாருமில்லை. என்ன செய்தார்கள்? விருந்து நடத்தினார்கள், வந்தவரிடம் காசு வசூலித்தார்கள், சேர்ந்த தொகையிலே ஒருவரைக் கலைக் கல்லூரி வகுப்புக்கு அனுப்பினார்கள். அவர் கற்றுக்கொண்டு வந்து மற்ற எல்லோருக்கும் சொல்லித் தருவார்! ஒருவர் கண் படித்தது, பத்துப் பேர் கை எழுதியது. அந்தக் கூட்டத்திலே சார்லஸ் வைட் இருந்தார்; பிற்காலத்திலே அமெரிக்காவின் தலைசிறந்த ஓவியர்களில் ஒருவரென மதிக்கப்பட்டவர்; அவருடைய தாயும் வீட்டு வேலை செய்தவரே. மார்கரெட்டும் அங்கே இருந்தார். ஜார்ஜ் நீலோ 1938இல் இளவயதிலேயே மறைந்தார். அந்த மனிதரின் பெயர் சிகாகோவிலேயே பலருக்குத் தெரியாது என்பது நமக்கு உறுத்துகிறது. ஆகையால் இங்கே எழுதி வைக்கிறோம்.

இனி வீட்டுக்கு வருவோம்.

குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஆட்சியிலே வேலையில்லாதோருக்கு வேலை தரும் திட்டம் ஒன்று நடந்தது. சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள். ஓவியர்களுக்கும் கூலி கொடுத்தார்கள். ஓவியன் பட்டினி கிடப்பதும் வேலையின்மைதான் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. அந்தத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட கலை மையங்கள் எழுந்தன. பிரான்ஸ்வில்லிலும் ஒன்று வைக்கலாம் என்ற பேச்சு வந்தது. அரசின் ஏற்பாடு இதுதான்: ஆசிரியர்களுக்குச் சம்பளம் நாங்கள் தருகிறோம், கட்டடத்தைச் செப்பனிட்டும் தருகிறோம், ஆனால் கட்டடம் உங்களுடையதாக இருக்கட்டும்!

பணம் படைத்த வட்டாரமாக இருந்தால் நாலு பேர் கையெழுத்திலே முடிந்துபோயிருக்கும். இங்கே ஆயிரம் கை நீள வேண்டியிருந்தது. பிரான்ஸ்வில்லின் மருத்துவர் குடும்பங்களும், பள்ளி ஆசிரியைகளும், மாதர் சங்கத்தாரும் விருந்து வைத்தார்கள், மாறுவேட நடனம் நடத்தினார்கள். நேர்மையாகச் சொல்ல வேண்டும், கொழுத்த தொகை அங்கிருந்துதான் வந்தது. தெருமுனையிலே டப்பா ஏந்தியது மார்கரெட். இரண்டும் சேர்ந்து, சவுத் மிச்சிகன் அவென்யூ 3831ஆம் எண் மாளிகை வாங்கப்பட்டது. 1890களிலே ஒரு தானிய வணிகருக்காகக் கட்டிய மாளிகை அது. கறுப்பர்கள் பக்கத்திலே குடிவரத் தொடங்கியதும் அந்தத் தெருவின் செல்வர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். போனவர்கள் மாளிகையை விட்டுப் போனார்கள், நல்லதாயிற்று!

தென்பகுதி சமூகக் கலை மையம் என்று பெயர் சூட்டி, 1940 டிசம்பரிலே கதவைத் திறந்தார்கள். 1941 மே 7ஆம் நாள் முறையான திறப்பு விழா. குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் வந்தார். நாட்டின் முதன்மையான கறுப்பு அறிஞர்களில் ஒருவரான ஆலன் லாக் வந்தார். வானொலி, ஊர்வலம், பட்டாடை, பூச்செண்டு!

அந்த விழாவுக்கென்று ஓவியர்கள் சார்பிலே மார்கரெட் ஓர் உரை எழுதினார். நாம் படித்த அளவிலே அதிலே நன்றி நவிலல் குறைவு, நறுக்கு அதிகம். ஓவியன் என்றால் பரண்மேல் குடியிருப்பான், கந்தல் உடுப்பான், ஒட்டிய கன்னத்தோடு வேடிக்கைக்காக வரைந்துகொண்டிருப்பான், செத்து ஐம்பதாண்டு கழித்து யாரோ அவன் படத்தைப் புழுதியிலிருந்து எடுத்துப் புகழ்வார்கள் என்று கதை கட்டி மகிழ்கிறீர்களே, அதிலே எங்களுக்குப் பெருமை ஒன்றுமில்லை என்ற கருத்தை அதிலே எழுதியிருந்தார். சீமாட்டிகள் முகம் எப்படி இருந்திருக்கும்! நம்மைக் கேட்டால், அந்த மாளிகையின் முதல் ஓவியமே அந்த உரைதான் என்போம். ஓவியன் உழைப்பாளி, உழைப்புக்கு ஊதியம் வேண்டும், உயிரோடு இருக்கும்போதே வேண்டும். கொல்லன் பட்டறையிலே நியாயமென்று ஒப்புக்கொள்வதைத் தூரிகை பிடித்தவன் கேட்டால் மட்டும் ஏன் கூசுகிறது?

அந்தக் கூரையின் கீழே என்ன விளைந்தது என்று பாருங்கள்.

நிலவறையிலே புகைப்படம் கழுவும் இருட்டறை. அங்கே கார்டன் பார்க்ஸ் என்ற இளைஞர் வேலை செய்தார். பணக்காரப் பெண்களைப் படமெடுத்துப் பிழைப்பு. ஓய்ந்த நேரத்திலே பிரான்ஸ்வில் தெருக்களைப் படமெடுப்பது உயிர்மூச்சு. அந்தப் படங்களைக் காட்டி 1942இல் உதவித்தொகை பெற்று வாஷிங்டன் போனார். அங்கே அரசு அலுவலகத்தைப் பெருக்கும் கறுப்புப் பெண்மணி ஒருவரை, ஒரு கையிலே துடைப்பம், பக்கத்திலே தரைதுடைப்பான், பின்னே அமெரிக்கக் கொடி என்று நிறுத்தி அவர் எடுத்த படம் இன்றும் உலகம் சுற்றுகிறது. கொடியையும் துடைப்பத்தையும் ஒன்றாகப் பார்க்கும் கண்ணுக்குப் பிரான்ஸ்வில் தெருவும் ஒரு பள்ளிக்கூடம்.

மேலே ஓர் அறையிலே, 1941இல், கவிதை வகுப்பு. நகரின் வடக்கே செல்வர் குடியிருப்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி வந்து நடத்தினார். இது எங்கே உருப்படும் என்று எண்ணத் தோன்றுகிறதா? நமக்கும் தோன்றியது. ஆனால் அந்த வகுப்பிலே அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் குவெண்டலின் புரூக்ஸ். ஒரு கட்டடக் காவலாளியின் மகள். ஓர் அறை வீடுகளையும் அதில் குடியிருந்தோரையும் பாட்டாக்கினார். 1950இல் புலிட்சர் பரிசு அவருக்கு வந்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பு எழுத்தாளர் அவரே!

எலிசபெத் கேட்லெட் எனும் சிற்பி அங்கே வந்து கல்லச்சு கற்றார். சார்லஸ் வைட் அங்கே கற்பித்தார். குழந்தைகளுக்கு வகுப்பு, வேலை முடிந்து வருவோருக்கு மாலை வகுப்பு. பத்திரத்திலே விதி எழுதி அடைத்துவைத்த வட்டாரத்திலே, எவரும் பத்திரம் கேட்காத ஒரு வாசல் அது.

1943 வந்தது. போர்க்காலம். ஆலைகளிலே ஆள் போதாத நிலை. வேலையில்லாதோர் திட்டத்தையே மூடிவிட்டது அரசு. சம்பளம் நின்றது. நாடெங்கும் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட கலை மையங்களின் கதி என்ன? ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. தொடங்கிய அதே கட்டடத்திலே இன்றளவும் கலை மையமாகத் தொடர்ந்தது ஒன்றே ஒன்றுதான் என்கிறார்கள் வரலாறு எழுதுவோர். அது எந்த ஒன்று? தொழில் வளம் கொழித்த ஊரிலே இருந்ததா? வெள்ளையர் வாழ்ந்த வளமான புறநகரிலே இருந்ததா? இல்லை, பிரான்ஸ்வில்லின் 3831!

மற்றவை மூடியதற்கு ஊருக்கு ஊர் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் இந்த ஒன்று ஏன் நின்றது என்பதற்கு நமக்குத் தெரிகிற காரணம் இதுதான்: அரசு தன் பணத்தை எடுத்துக்கொண்டு போயிற்று, வீட்டை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. வீடு ஊராருடையது. சம்பளம் இல்லாவிட்டாலும் வந்து கற்பித்தார்கள். கூரை ஒழுகியது, கணப்பு அணைந்தது, கடன் ஏறியது. ஆனாலும் சாவி அவர்கள் கையிலே இருந்தது.

மானியத்தை வெறுப்பவர்கள் அல்ல நாம். அரசுப் பணம் யார் பணம்? மக்கள் பணம்தான், கேட்டு வாங்க வேண்டியதுதான். ஆனால் மானியத்தின் மேலேயே சுவர் எழுப்புகிறவன் ஆணை மாறிய மறுநாள் தெருவிலே நிற்பான்.

இனிமேல் சொல்லப்போவது கசப்பானது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

மார்கரெட் ஓவியர் மட்டுமல்லர், பள்ளி ஆசிரியை. 1946 முதல் 1969 வரை பிரான்ஸ்வில்லிலேயே டுசேபிள் உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் கற்பித்தார். 1950களின் தொடக்கத்திலே அமெரிக்காவைக் கம்யூனிஸ்ட் வேட்டை பிடித்து ஆட்டியது. பாடகர் பால் ராப்சனை ஆதரித்தவர், சமத்துவம் பேசியவர், ஊர்வலம் போனவர் எல்லோர் மீதும் ஐயம். மார்கரெட்டையும் கல்வி வாரியத்தார் அழைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அவர் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு மெக்சிகோவுக்குப் போனார். அச்சம் கலை மையத்துக்குள்ளும் நுழைந்தது. இடதுசாரி எனப் பெயரெடுத்தவர்கள் இருந்தால் மையத்துக்கே ஆபத்து என்று நிர்வாகத்திலிருந்தோர் நினைத்தார்கள். டப்பா ஏந்தி நின்றவர் ஓரங்கட்டப்பட்டார்!

வெளியிலிருந்து வரும் அடியைத் தாங்கலாம். கூடப் பந்தி வைத்தவன் இலையை இழுப்பதைத் தாங்குவது கடினம். மார்கரெட் என்ன செய்தார் தெரியுமா? வேறு ஊருக்கு ஓடவில்லை. அதே தெருவிலே, ஏறத்தாழ எதிர்வாடையிலே, 3806ஆம் எண் வீட்டிலே குடியிருந்தார். அந்த வீட்டின் கதையும் கேட்கத்தக்கது. அது முன்னர் குயின்சி கிளப் என்ற பெயரிலே, ஊர்விட்டு ஊர் ஓடும் கறுப்பு ரயில்வே தொழிலாளர்கள் தங்கிச்சென்ற விடுதி. அந்த வீட்டின் கீழ்த்தளத்திலே, 1961இல், மார்கரெட்டும் அவர் கணவர் சார்லஸ் பரோசும் நண்பர்களும் சேர்ந்து ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். கறுப்பு மக்களின் வரலாற்றுக்கும் கலைக்கும்! சொந்த வரவேற்பறையிலே! நாற்காலியை நகர்த்திவிட்டுப் பேழையை வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள்.

1968இல் அதற்கு டுசேபிள் பெயரைச் சூட்டினார்கள். யார் அந்த டுசேபிள்? சிகாகோ என்ற நகரம் தோன்றுமுன், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, அந்த ஆற்றங்கரையிலே முதன்முதல் நிலையாக வீடு கட்டி வாணிபம் நடத்திய வெளியூர் மனிதர். அவர் கறுப்பர்! நகரத்தை நிறுவியவரே கறுப்பர். அந்த நகரத்திலே கறுப்பருக்கு வீடு விற்கக் கூடாதென்று பத்திரம்! 1973இல் அருங்காட்சியகம் வாஷிங்டன் பூங்காவிலே பெரிய கட்டடத்துக்குப் போயிற்று. அந்தக் கட்டடமும் முன்பு ஒரு காலத்தில் காவல்துறை ஆட்களை அடைத்துவைத்த இடமாக இருந்ததாம். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இத்தனை வேலைக்கு நடுவிலே அந்தம்மையார் எங்கே வரைந்தார் என்று கேட்கலாம். வரைந்தார், வண்ணம் தீட்டினார். ஆனால் பெரிதும் நிலைத்த புகழ் தந்தவை லினோ அச்சுப் படங்கள். அச்சுக்கூடத்துத் தோழர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே விளங்கும். தரைக்கு விரிக்கிற லினோலியத் துண்டை எடுத்து, உளியால் செதுக்குவது. செதுக்கி எடுத்த இடம் தாளிலே வெள்ளையாக விழும். செதுக்காமல் விட்ட மேடு மையை வாங்கிக் கறுப்பாக விழும். இடம் வலமாகும், வலம் இடமாகும். முன்கூட்டியே திருப்பி நினைக்க வேண்டும். பெரிய எந்திரம் வேண்டாம். மைபூசித் தாளை வைத்துக் கரண்டிக் குழியாலே தேய்த்தாலும் படம் எழும். மெக்சிகோவிலே, தொழிற்சங்கங்களுக்கும் உழவர்களுக்கும் சுவரொட்டி அச்சிட்டுத் தந்த மக்கள் வரைகலைப் பட்டறையின் ஓவியர்களிடம் அவர் அந்தக் கையைத் தீட்டிக்கொண்டார்.

ஏன் அதைப் பிடித்தார்? எண்ணெய் வண்ணத்திலே ஓராண்டு உழைத்து ஒரு படம் தீட்டினால் அது ஒருவன் வீட்டுக்குப் போகும். அந்த ஒருவன் பெரும்பாலும் பணக்காரன். லினோவிலே ஒருமுறை செதுக்கினால் பல படிகள். விலை குறையும். பள்ளி ஆசிரியை வாங்கலாம், பேருந்து ஓட்டுநர் வாங்கலாம், அந்த ஓர் அறை வீட்டுச் சுவரிலே மாட்டலாம். டப்பாவிலே ஒரு டைம் போட்டவனுக்குத் திருப்பித் தரும் வழி அது என்றே நமக்குப் படுகிறது.

என்ன செதுக்கினார்? 1957இல் ஒரு படம்: பிறந்தநாள் விருந்து. மேசையைச் சுற்றிப் பிள்ளைகள், நடுவிலே கேக். அவ்வளவுதான். இதிலே என்ன புரட்சி என்று கேட்காதீர்கள். அந்த நாட்டுப் பாடப் புத்தகத்திலும் விளம்பரத்திலும் பிறந்தநாள் என்றால் வெள்ளைப் பிள்ளைக்குத்தான். கறுப்புப் பிள்ளையைக் கோமாளியாகக் காட்டிய நாடு அது. கறுப்புப் பிள்ளை மகிழ்வதை, ஒரு வேலையுமின்றி வெறுமனே மகிழ்வதை, அவர் அச்சேற்றினார். அதே ஆண்டு இன்னொன்று: கறுப்பு வீனஸ். சிப்பியின்மேல் எழும் அழகுத் தேவதையை ஐரோப்பியர் நூற்றாண்டுகளாக வெள்ளைத் தோலோடு வரைந்து வைத்திருந்தார்கள். மார்கரெட் உளியை எடுத்தார். தேவதை கறுப்புப் பெண்ணாக எழுந்தாள்! அடிமைகளை இருட்டிலே நடத்திச்சென்று விடுவித்த ஹேரியட் டப்மன் முகத்தையும் அவர் செதுக்கினார். வகுப்பிலே பாடமாக இல்லாத முகங்கள், ஆசிரியையின் கையாலே தாளில் வந்தன.

எல்லாமே உயர்ந்த கலையா? சில படங்கள் சுவரொட்டி போலச் சப்பையாக இருக்கும். ஒரே முகம் திரும்பத் திரும்ப வருகிறதே என்றும் தோன்றும். சொல்லிவிடுவது நல்லது. வாழ்நாளிலே பாதியை வகுப்பறைக்கும், மீதியிலே பாதியை வசூலுக்கும் கூட்டத்துக்கும் கொடுத்துவிட்ட கை அது. முழு நேரமும் தன் தூரிகைக்கே கொடுத்திருந்தால் இன்னும் பெரிய ஓவியராகியிருப்பார் என்று சிலர் வருந்துவார்கள். இருக்கலாம். அந்தக் கணக்கிலே, குவெண்டலின் புரூக்ஸ் உட்கார்ந்த நாற்காலியையும், கார்டன் பார்க்ஸ் படம் கழுவிய தொட்டியையும் எந்தப் பத்தியிலே எழுதுவார்களோ நாமறியோம்.

1967இல் அதே வட்டாரத்திலே, நாற்பத்துமூன்றாம் தெருவும் லாங்லியும் சந்திக்கிற மூலையிலே, பாழடைந்துகொண்டிருந்த ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரிலே, அடுத்த தலைமுறை ஓவியர்கள் கூடித் தங்கள் தலைவர்களையும் பாடகர்களையும் வீரர்களையும் தீட்டினார்கள். மதிப்புச் சுவர் என்று பெயர். மார்கரெட் தீட்டியதல்ல அது. ஆனால் திறப்பு நாளிலே தெருவிலே நின்று பாட்டுப் படித்தவர், 3831இன் கவிதை வகுப்பிலே உட்கார்ந்திருந்த அதே குவெண்டலின் புரூக்ஸ்! 1971இல் கட்டடம் தீப்பட்டது, பிறகு இடித்துவிட்டார்கள். சுவர் அவர்களுடையது அல்லவே. வண்ணம் மட்டும்தானே அவர்களுடையது!

மார்கரெட் அம்மையார் முதுமையிலும் சிறைச்சாலைகளுக்குச் சென்று கைதிகளுக்கு ஓவியமும் கவிதையும் சொல்லித் தந்தார். 1985இல் நகரின் முதல் கறுப்பு மேயர் ஹெரால்டு வாஷிங்டன் அவரைப் பூங்கா ஆணையத்திலே உறுப்பினராக்கினார். 2010 நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார்.

3831ஆம் எண் வீடு நிற்கிறது. 1994இல் சிகாகோ நகரம் அதைக் காக்கத்தக்க சின்னமென அறிவித்தது. 2018இல் அமெரிக்க நாட்டின் வரலாற்றுச் சின்னப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஓரங்கட்டப்பட்டாரே, அவர் பெயரைத்தான் அதன் முதன்மைக் காட்சிக் கூடத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். கூடத்தின் சுவர் மரப்பலகையால் ஆனது. பல்லாண்டுக் காலம் படம் மாட்டி மாட்டி, எடுத்து எடுத்து, பலகை முழுதும் ஆணித் துளைகள். எந்தத் துளையிலே யாருடைய படம் தொங்கியது என்று இன்று சொல்ல ஆளில்லை. பூசி மறைக்காமல் அப்படியே விட்டு வைத்திருந்தார்கள்.